கரை சேர்ந்தோருக்காக ஒரு பாதை

காட்டுவழியே கால்நடையாகச் செல்வதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் நீங்கள் வியப்படையக்கூடும். கனடாவின் வான்கூவர் தீவில் அத்தகைய பாதை ஒன்று உண்டு. மேற்குக் கரைப் பாதை என்பது அதன் பெயர். நீளம் 75 கிலோமீட்டர்.

அக்கடலை மாலுமிகள் பசிபிக்கின் மையவாடி என்றே அழைத்தனர். 1906 ஜனவரியில், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த வலென்சியா என்னும் பயணிகள் கப்பல் அங்கே பாறையில் மோதிற்று. கரை கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நீந்திக் கரையேறிய சிலரையும் செங்குத்துப் பாறையும் அடர்ந்த காடுமே எதிர்கொண்டன. அதன் பின்னரே, தந்திக் கம்பிக்காக முன்பு வெட்டப்பட்டிருந்த தடத்தை அரசு சீர்செய்து, கப்பற்சேதத்தில் தப்பியோர் நடந்து செல்லும் வழியாக்கியது.

காலப்போக்கில் அதற்குத் தேவை குறைந்து புதர் மண்டியது. 1970இல் உருவான பசிபிக் ரிம் தேசியப் பூங்கா அதற்கு மறுவாழ்வளித்தது. இன்று மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே அனுமதி. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. நெடிய மர ஏணிகளில் ஏறியிறங்க வேண்டும். கடல் வற்றும் நேரமறிந்து கரையோரம் நடக்க வேண்டும். சில ஓடைகளைக் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் அமர்ந்து, கயிற்றைத் தாமே இழுத்துக் கடக்க வேண்டும். இச்சிரமமே அப்பாதைக்கு நல்ல காவல் என்பேன். காரில் சென்று இறங்க முடிந்திருந்தால் அங்கு என்ன மிஞ்சியிருக்கும்? தொன்றுதொட்டு அக்கரையில் வாழும் டிட்டிடாட், பச்சீடாட், ஹூ-அய்-அட் மக்களே பாதைக் காவலர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

எனினும் பூங்காவின் இப்பகுதி கடலோரத்தில் ஒரு குறுகிய பட்டைதான். பாதையின் குறுக்கே ஓடும் கார்மானா ஓடை, பூங்காவுக்கு வெளியேயுள்ள பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 95 மீட்டர் உயரமுள்ள ஸ்ப்ரூஸ் மரம் அங்கே நிற்கிறது. மேலே மரங்களை வெட்டினால் மழையில் கரையும் மண் எங்கே வந்து சேரும்? 1980களின் இறுதியில் அப்பள்ளத்தாக்கில் மரம் வெட்ட ஏற்பாடாயிற்று. ஆர்வலர்கள் உள்ளே நடைவழி அமைத்து, அம்மரங்களை மக்கள் நேரில் காணச் செய்தனர். 1990இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி காக்கப்பட்டது. 1995இல் மேற்பகுதியும், அடுத்துள்ள வால்பிரான் பள்ளத்தாக்கில் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டன. வால்பிரானின் நடுப்பகுதி மட்டும் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. அங்குள்ள முதுமரங்களுக்கான போராட்டம் அதன் பின்னரும் தொடர்ந்தது. வால்பிரான் ஓடையும் இதே பாதையைக் கடந்துதான் கடலில் கலக்கிறது.