லேப்டாப் பேட்டரிக்கு நூறு சதவீதம் எதற்கு?

லேப்டாப் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவா? வாங்கிய புதிதில் நான்கு மணி நேரம் ஓடியது, இப்போது முக்கால் மணி நேரத்திலேயே சார்ஜரைக் கேட்கிறதா? கடைக்குக் கொண்டு போனால், "பேட்டரி போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்பார்கள். ஏன் போயிற்று என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சைக்கிள் டயர் தேய்வதைப் போல இதுவும் தேயும் பொருள்தானே என்று சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

தேயும் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், நம் வீடுகளில் உள்ள லேப்டாப் பேட்டரிகள் உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா இருந்து தேய்வதுதான் அதிகம். நூறு சதவீதம் நிரம்பிய நிலையில், சூடான அறையில், சார்ஜரில் மாட்டியபடியே நாள் முழுக்கக் கிடக்கின்றன. இதைத் தடுக்கும் வசதி இன்று விற்கும் பல லேப்டாப்களில் உள்ளேயே இருக்கிறது. அதை யாரும் இயக்கித் தருவதில்லை. லேப்டாப்பை நம் கையில் கொடுக்கும்போதே, 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்துத் தர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பழைய அறிவுரைகள் எங்கிருந்து வந்தன?

"முழுசா காலியான பிறகுதான் சார்ஜ் போடணும்", "முதல் தடவை எட்டு மணி நேரம் போடணும்" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இவை நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்த காலத்து அறிவுரைகள். அந்த வகை பேட்டரியைப் பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால், அது பாதி அளவையே முழு அளவாக நினைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தப் பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் லேப்டாப்பிலும் செல்போனிலும் இருப்பது இந்த வகைதான். பழைய அறிவுரைகள் இதற்குப் பொருந்தாது. சொல்லப்போனால், ஒவ்வொரு முறையும் முழுக்கக் காலி செய்வது இதற்குக் கெடுதல்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, உயர்ந்த வோல்டேஜ். வழக்கமான லித்தியம் செல் ஒன்று முழுதாக நிரம்பும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உச்சத்தில் நிற்கும் நேரம் கூடக்கூட, உள்ளே இருக்கும் ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, மின்சாரத்தைச் சேமிக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டாவது எதிரி வெப்பம். இது அந்த வினையை இன்னும் வேகப்படுத்தும்.

பேட்டரிகளைப் பற்றிய கையேடுகளில் பரவலாகக் காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரியை 40 சதவீத சார்ஜோடு, 25 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழு சார்ஜோடு வைத்தால் 80 சதவீதம்தான் மிஞ்சும். வெப்பம் 40 டிகிரியாக இருந்தால், 40 சதவீத சார்ஜில் 85, முழு சார்ஜில் 65. அதாவது ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்! பேட்டரிக்குப் பேட்டரி இந்த எண்கள் மாறும். ஆனால் போகும் திசை மாறாது.

எங்கள் ஊர்க் கணக்கு

எங்கள் கூட்டேரிப்பட்டு, சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மயிலத்துக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், மேலே சொன்ன 40 டிகிரி கணக்கு வெறும் புத்தகக் கணக்கு இல்லை என்று தெரியும். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் இருக்கும் லேப்டாப்பும் இந்த வீட்டில் கட்டில் மெத்தையின் மேல் கிடக்கும் லேப்டாப்பும் ஒரே மாதிரி உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வசதி குறைந்த வீட்டில்தான் பேட்டரி சீக்கிரம் போகிறது. புது பேட்டரி வாங்கப் பணம் புரட்ட முடியாததும் அதே வீட்டில்தான்.

நமக்கு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பல லட்சம் வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது. அடுத்த ஆண்டே, 2012-ல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கரன்ட் இருக்கும்போதே சார்ஜரை மாட்டு, நிரம்பினாலும் எடுக்காதே, எப்போது போகுமோ தெரியாது என்று எல்லா வீடுகளும் பழகிக்கொண்டன. அன்றைக்கு அது சரி, வேறு வழி இல்லை. அவ்வளவு நீண்ட மின்வெட்டு பின்னர் நின்றுவிட்டது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

புயல் வந்தால் என்ன செய்வது?

"தம்பி, நீ 80-ல் நிறுத்தச் சொல்கிறாய். திடீரென்று கரன்ட் போனால் அந்த 20 சதவீதம் யார் தருவார்?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பக்கத்து ஊரான மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் லேப்டாப் என்பது செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ள உதவும் ஒரு பெரிய பவர் பேங்க்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 வாட் அவர் கொள்ளளவு உள்ள பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 4000 மில்லி ஆம்பியர் அவர் செல்போன் ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 15 வாட் அவர் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால், முழு லேப்டாப்பிலிருந்து இரண்டு முறை போனை நிரப்பலாம். புதிதாக இருக்கும்போது 80 சதவீதம் என்றால் 36 வாட் அவர். எப்போதும் நூறிலேயே வைத்து, கொள்ளளவில் 65 சதவீதம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், "நூறு சதவீதம்" என்று திரையில் காட்டுவது உண்மையில் 29 வாட் அவர்தான். ஆண்டு முழுவதும் நூறு காட்டிய லேப்டாப், புயல் நாளில் 80 காட்டும் லேப்டாப்பைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும்.

அதோடு, புயல் சொல்லாமல் வருவதில்லை. வானிலை எச்சரிக்கை வந்தவுடன் அந்த 80 சதவீத வரம்பை எடுத்துவிட்டு முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். பயணம் போகும் நாளிலும் அப்படியே செய்யலாம். ஒரு நாள், இரண்டு நாள் நூறில் இருப்பதால் பேட்டரி கெட்டுவிடாது. மாதக்கணக்கில் அங்கேயே நிற்பதுதான் கெடுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்புறம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையில் தெரியும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்று மிஞ்சியிருப்பது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்து அந்த வரம்பு. லெனோவாவில் 'வான்டேஜ்' புரோகிராமில் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். ஏசஸில் 'மை ஏசஸ்', ஏசரில் 'கேர் சென்டர்' ஆகியவற்றில் பேட்டரி பகுதியைப் பாருங்கள். டெல், எச்.பி. மாடல்கள் பலவற்றில் பயாஸ் செட்டிங்கிலேயே இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறலாம். உங்கள் லேப்டாப்பில் இந்த வசதியே இல்லையென்றால், 80 வந்ததும் சார்ஜரை எடுத்துவிட்டு, 30 அல்லது 40-க்கு இறங்கியதும் மாட்டுங்கள்.

லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடு உள்ளேயே தங்கும். ஒரு மரப்பலகை போதும், கூலிங் பேட் வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. வெயிலில் நிற்கும் காரிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விடுமுறைக்கு மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். காலியாகவும் வைக்க வேண்டாம், நிரப்பியும் வைக்க வேண்டாம்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. குத்துவதோ அழுத்துவதோ கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருள் அல்ல. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டரியை வாங்கி மாட்டுவதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். புது பேட்டரி வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் கட்டுவது சரியா? சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு பயாஸ் செட்டிங்கில் நுழைவது பெரிய விஷயமில்லை. வீட்டில் முதல் முறையாகக் கம்ப்யூட்டரைத் தொடும் கல்லூரி மாணவியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. சாஃப்ட்வேரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம், பெரும்பாலானவர்கள் செட்டிங்கை மாற்றுவதே இல்லை என்பது. எதைப் போட்டுக் கொடுக்கிறோமோ அதுவேதான் கடைசி வரை இருக்கும். அதனால்தான் போட்டுக் கொடுப்பதைச் சரியாகப் போட வேண்டும் என்கிறேன்.

தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்கும்போது டெண்டரில் இரண்டு வரி சேர்ப்பது கஷ்டமில்லை. ஒன்று, 80 சதவீத வரம்பு இயக்கப்பட்ட நிலையில் வர வேண்டும், அதை எடுப்பது எப்படி என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டும் கூட வர வேண்டும். இரண்டு, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரிஜினல் பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டு வந்த பேட்டரி சட்டம், இத்தகைய சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது பொருந்தும் என்று அதில் தேதியும் குறித்திருக்கிறார்கள். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லேப்டாப் வைத்திருக்கும் மாணவர் ஒருவர் இருப்பார். பத்து நிமிடம் ஒதுக்கி, அவருடைய லேப்டாப்பில் இந்த வரம்பைப் போட்டுக் கொடுங்கள். பேட்டரி ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால், பலன் எவ்வளவு என்று அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.