இழைவது எங்கே?

முகம் வரைவதென்றால் எண்ணெய் வண்ணம்தான், அக்ரிலிக்கில் சருமம் வராது என்ற பேச்சு ஓவியம் பயில்பவர்களிடையே நிலைத்துவிட்டது. அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, கன்னத்தின் வெளிச்சத்தை நிழலோடு இழைக்க அவகாசம் தருவதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். காய்வது உண்மை. எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. கையில் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்காகும். அக்ரிலிக்கில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும். மெல்லிய பூச்சுக்குச் சில நிமிடங்களே போதும். ஆனால் இதிலிருந்து அக்ரிலிக் முகத்துக்கு ஆகாது என்ற முடிவுக்குப் போவது, இழைத்தல் என்பதை ஈர வண்ணங்களைக் கேன்வாஸின் மேல் தேய்த்துக் கலப்பதாக மட்டுமே புரிந்துகொள்வதால் வருகிறது.

எண்ணெய்க்குச் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படும் மோனா லிசாவையே பார்க்கலாம். லூவர் அருங்காட்சியகத்திலுள்ள லியனார்டோவின் முகங்களை எக்ஸ் கதிர் முறையில் ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவுகள், அவற்றின் புகைபோன்ற நிழல்கள் மிக மெல்லிய அடுக்குகளால் ஆனவை என்று காட்டின. ஓர் அடுக்கு ஓரிரு மைக்ரோமீட்டர்தான். எல்லாம் சேர்ந்தும் 30, 40 மைக்ரோமீட்டரைத் தாண்டவில்லை. உலகின் மிக மென்மையான நிழலே அடுக்கின்மேல் அடுக்காக எழுந்திருக்கிறது. எண்ணெயில் ஒவ்வோர் அடுக்கும் காயக் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக்கில் கிளேஸ் எனப்படும் அதே மெல்லிய அடுக்குகளைப் பத்துப் பன்னிரண்டு முறை ஒரே நாளில் போட்டுவிடலாம். எண்ணெய் பரவுவதற்கு முன் இத்தாலியர்கள் முட்டை டெம்பராவில் வரைந்தார்கள். அதுவும் நொடியில் காய்வதுதான். அடியில் பச்சை மண் நிறம் பூசி, அதன்மேல் மயிரிழைக் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டே சருமத்தை உருட்டினார்கள். அங்கே நிறங்கள் கலப்பது பார்ப்பவரின் கண்ணில். அக்ரிலிக்குக்கு உண்மையான மூதாதை எண்ணெய் அல்ல, இந்த டெம்பராதான். இன்னொரு முனையில், சக் குளோஸ் 1967–68இல் வரைந்த சுமார் ஒன்பது அடி உயரத் தன்னுருவப் படம் இருக்கிறது. கறுப்பு அக்ரிலிக்கைப் பெரும்பாலும் ஏர்பிரஷ்ஷால் தூவி, ஒரு புகைப்படத்துக்கு உள்ள மென்மையை அவர் எட்டினார்.

டேவிட் ஹாக்னியை எதிர்வாதமாகச் சொல்லலாம், வலுவான எதிர்வாதம்தான். கிளார்க் தம்பதியை 1970–71இல் அக்ரிலிக்கில் வரைந்தவர், ஜார்ஜ் லாசனும் வேய்ன் ஸ்லீப்பும் இருக்கும் அக்ரிலிக் படத்தை 1975இல் முடிக்காமலே விட்டார். 1977இல் தன் பெற்றோரை எண்ணெயில் வரைந்தார். கேன்வாஸின் மேலேயே முகத்தைத் தேடுபவருக்கு, வைத்ததை வழித்தெடுத்து மீண்டும் வைப்பவருக்கு, திறந்தே கிடக்கும் வண்ணம் வேண்டும். ஃபிரான்ஸ் ஹால்ஸும் சார்ஜென்ட்டும் ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே வீச்சில் கரைத்துவிட்ட விளிம்புகளை அக்ரிலிக்கில் அதே சுதந்திரத்தோடு செய்ய முடியாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது வேலை செய்யும் விதத்தைப் பொறுத்தது. முகத்தின் மென்மை அந்த ஒரு விதத்துக்கு மட்டும் சொந்தமல்ல.

காய்வைத் தாமதிக்கும் ரிடார்டரைக் கலந்தால் போதாதா என்றும் கேட்பார்கள். கண்ணோரத்துக்கும் தலைமுடி நெற்றியைத் தொடும் இடத்துக்கும் அது உதவும். அளவு மீறினால் படலம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதைவிட, முகம் முழுவதும் இழைய வேண்டியதில்லை என்பதைக் கவனிப்பது பயன் தரும். நெற்றி வளையும் இடம் மென்மை. மூக்கு கன்னத்தில் வீழ்த்தும் நிழலுக்குக் கூரிய விளிம்பு உண்டு. இரண்டையும் ஒன்றுபோல் தேய்ப்பதால்தான் எண்ணெய்ப் படங்களிலும் எத்தனையோ முகங்கள் மெழுகுப் பொம்மையாகின்றன. அக்ரிலிக்கில் உண்மையான தொல்லை வேறு. ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். அடுத்த நாள் அதே சருமநிறத்தைக் கலந்தால் பொருந்தாமல் துண்டாகத் தெரியும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே ஐந்தாறு படிகளை முன்கூட்டியே கலந்து மூடிய டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு காகித ஓரத்தில் தொட்டுக் காயவைத்து, காய்ந்த நிறத்தைக் காய்ந்த கன்னத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே தூரிகையை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.