வேலை செய்யாத ப்ளக் பாயிண்ட்

மிக்ஸி ஓடவில்லை என்றதும் அதைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, கடைசியில் சுவரிலுள்ள ப்ளக் பாயிண்டின்மேல் சந்தேகம் கொண்டு, அங்கே மின்சாரம் வரவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில், ‘வராத மின்சாரம் நம்மை என்ன செய்துவிடும்?’ என்ற தைரியத்தோடு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்காரும் கிரகஸ்தர்கள் நம்மிடையே அநேகர். என் அபிப்பிராயத்தில், ஒழுங்காக வேலை செய்யும் பாயிண்டைவிட வேலை செய்யாததே அதிக அபாயமானது. முன்னதனிடம் நமக்குப் பயம் இருக்கிறது, பின்னதனிடம் இல்லை.

எதையும் ஆராயவே கூடாது என்பதல்ல என் கட்சி. அதே மிக்ஸியை வேறொரு பாயிண்டில் செருகிப் பார்ப்பதும், அறையிலுள்ள மற்றப் பாயிண்டுகளைக் கவனிப்பதும், மெயின் பெட்டியில் எம்.சி.பி. கீழே விழுந்திருந்தால் ப்ளக்குகளையெல்லாம் உருவிவிட்டு ஒரே ஒரு முறை மேலே தள்ளிப் பார்ப்பதும் எவருக்கும் உரிய காரியங்களே. மறுபடியும் விழுந்தால், அதனோடு மல்லுக்கு நிற்கலாகாது. பழைய வீடுகளில், பீங்கான் பியூஸ் கட்டையின் மெல்லிய கம்பி அடிக்கடி உருகுகிறதே என்று அலுத்துப்போய், ஏதோ ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை இரண்டு மூன்று புரியாகக் கட்டிவிடும் சாமர்த்தியசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு சூடேறுவது சுவருக்குள் ஓடும் ஒயர்.

சட்டைப்பையில் பேனாபோலச் செருகிக்கொள்ளும் டெஸ்டருக்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பும் சற்று அதிகந்தான். நம் உடல் வழியே மிகச் சொற்பமான மின்னோட்டம் பூமிக்குப் போவதால்தான் அதன் நியான் விளக்கு எரிகிறது. ஆகவே மர ஸ்டூலின்மேல் நிற்பவருக்கும், பட்டப்பகல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கும், அது எரியாதது போலவே தோன்றக்கூடும். நியூட்ரல் ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருந்தால் விஷயம் இன்னும் விசித்திரமானது: சாதனம் எதுவும் ஓடாது, ஆனால் வலப்பக்கத்துப் பேஸ் துவாரத்தில் டெஸ்டர் எரியும், அதே இணைப்பில் ஒரு விளக்கின் சுவிட்ச் போடப்பட்டிருந்தால், அந்த விளக்கின் வழியாகவே பேஸ் திரும்பி வந்து, இடப்பக்கத்து நியூட்ரல் துவாரத்திலும் எரியும். செத்ததென்று நாம் நினைத்த பாயிண்டில் 230 வோல்ட் இரண்டு வாசலிலும் காத்திருக்கிறது.

பக்கத்துச் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்பதும் தவறு. அது ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. வயரிங் செய்தவர் அலட்சியமாக அதை நியூட்ரலில் கோத்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் பேஸ் அப்படியே இருக்கும். மெயினை அணைத்தாலும், இக்காலத்து வீடுகளில் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஏனென்றால் மெயின் போன அடுத்த கணமே, கரண்ட் நின்றுவிட்டதென்று எண்ணி, மாடிப்படிக்குக் கீழிருக்கும் இன்வெர்ட்டர் தன் பாட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அதே சுவர்களுக்குள் அனுப்பத் தொடங்கிவிடும். எலெக்ட்ரீஷியனுக்கு மெயினை அணைத்துக் கொடுக்கும் வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் இன்வெர்ட்டரை நினைவுபடுத்துகிறார்கள்? பலகையின் மூடியைக் கழற்றுவது தகுதிச் சான்றிதழ் பெற்ற மின் கம்பியாளரின் வேலை. கருகல் நாற்றமோ, துவாரத்தைச் சுற்றிக் கறுப்போ தென்பட்டால் அவரை அன்றைக்கே அழைக்க வேண்டும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி கொள்வோரும் உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், மனிதனைக் கொல்ல அதில் நூற்றிலொரு பங்குகூட வேண்டியதில்லையாதலால், அவன் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது விழாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி.தான் அவனுக்குத் துணை. பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பிடிப்பவனை அதுவும் அறியாது என்பது வேறு விஷயம். புதிதாகக் குடிவருகிறவருக்காகச் சுவருக்கு வெள்ளையடித்துத் தரும் வீட்டுச் சொந்தக்காரர்கள் இதற்குச் செலவழிக்க யோசிக்கிறார்கள். வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிப்பதோடு, மெயின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஆர்.சி.சி.பி.யின் முகத்திலுள்ள ‘டி’ என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.