வேலியும் ஊன்றுகோலும்

திருநெல்வேலி என்ற பெயருக்கு நம் தலபுராணம் சொல்லும் காரணம் ஊரிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். வேதசர்மா என்னும் அடியார், தாம் நாள்தோறும் இரந்து பெற்ற நெல்லை இறைவனின் திருவமுதுக்காகச் சன்னிதி முன் உலரப் போட்டுவிட்டு நீராடச் சென்றார். திடீரெனப் பெருமழை பிடித்துக்கொண்டது. பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம். நெல் கிடந்த இடம் மட்டும் நனையவில்லை. வேலியிட்டாற்போல் மழையைத் தடுத்து நெல்லைக் காத்தமையால் சுவாமி நெல்வேலிநாதர் ஆனார். ஊர் திருநெல்வேலி ஆயிற்று.

இந்த வரலாற்றில் நாம் அதிகம் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. மழை தீயதன்று. தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு மழையைக் காட்டிலும் பெரிய வரம் ஏது? ஆயினும், உலரப் போட்ட நெல்லுக்கு அதே மழை கேடு. இறைவன் மழையைப் பழிக்கவில்லை. ஊரே மகிழும் மழை உனக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்று நெல்லைக் கடிந்துகொள்ளவும் இல்லை. நெல்லைச் சுற்றி வேலி ஒன்று இட்டருளினார்.

ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், அத்தர், ஜவ்வாது ஆகியவை நம்மில் பெரும்பாலோர்க்கு மங்கலப் பொருள்கள். சிலர்க்கோ அவை உலரும் நெல்லின்மேல் பெய்யும் மழை. அத்தகையோர் நம் கோயில்களிலும் உண்டு. நம் வீடுகளிலும் உண்டு. அவர்களைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகிறேன்.

இந்நோயைப் பல்வகை இரசாயன ஒவ்வாமை என்று சொல்லலாம். 1950-களிலேயே தெரான் ராண்டால்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1987-இல் மார்க் கல்லன் என்ற மருத்துவர் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். பிறர் பொருட்படுத்தாத மிகச் சிறிய அளவு வாசனையோ புகையோ பட்ட மாத்திரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், மூச்சுத்திணறல், குமட்டல், சொல்ல வந்த சொல் மறந்துபோகும் அளவுக்கு அசதி ஆகியவை உண்டாகும். விலகினால் மெல்லத் தணியும். மீண்டும் பட்டால் மீண்டும் வரும். ஒரு பொருளில் தொடங்கி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களுக்குப் பரவுவதே இந்நோயின் கொடுமை.

இதனை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. காரணம் நச்சுப்பொருளா, நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மை அடைந்துவிட்டதா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1996-இல் உலக சுகாதார நிறுவனம் சார்பில் பெர்லினில் கூடிய வல்லுநர்கள், காரணம் நிறுவப்படாமையால் வேறு பெயரிட்டு வழங்கலாம் என்றனர். ஜப்பானிலோ 2009-இல் இந்நோயின் பெயர் மருத்துவக் காப்பீட்டுக்குரிய நோய்ப்பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமக்கு இரசாயனப் பொருள்களால் ஏதேனும் ஒரு தொல்லை உண்டாவதாகத் தெரிவித்தனர். எனவே, விவாதம் காரணத்தைப் பற்றியதே. படுகிறவரின் துன்பத்தைப் பற்றியதன்று.

என் மனைவிக்கு இது தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் ஒரு விசேஷத்தை முன்னிட்டுச் சுவர்களுக்கு வர்ணம் பூசினோம். அன்று வந்த தலைவலி, வர்ண வாடை போன பின்னும் போகவில்லை. பிறகு தரை துடைக்கும் திரவம் ஆகாமற்போயிற்று; அதன்பின் சலவைத்தூள், கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி. இப்போது புதிய செய்தித்தாளின் மை வாடைகூடத் தாங்குவதில்லை. நாள் தவறாமல் காந்திமதி அம்மை சன்னிதிக்குச் சென்றவர், பின்பு வெள்ளிக்கிழமை மட்டும் என்று குறைத்துக்கொண்டார். பின்பு அதுவும் நின்றது. டவுணில் வீடுகள் ஒன்றையொன்று தோள் தொட்டு நிற்பவை. அடுத்த வீட்டுச் சாம்பிராணிப் புகை எம் வீட்டு முற்றத்துக்கு வர அழைப்பு வேண்டுவதில்லை. எனினும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. "சன்னிதிக்குள்ள போகணும்னு கேக்கலைங்க. கொடிமரம் வரைக்கும் போய்க் கும்பிட்டு வந்தாப் போதும்" என்பார்.

நோயைவிட அவரை அதிகம் வருத்தியவை இரண்டு சொற்கள். ஒன்று, 'எல்லாம் மனப்பிரமை' என்பது. மற்றொன்று, 'பூர்வஜன்ம கர்மா. சாமி வாசனையே ஆகவில்லை என்றால் வேறென்ன சொல்வது?' என்பது. இரண்டாவதைச் சொன்னவர்கள் பக்தியுள்ளவர்கள். ஆகவே, அதற்குப் பக்தி மார்க்கத்திலிருந்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது அவருடைய அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. பனிக்காலத்தில் இந்நாட்டில் இது இயல்பு என்றனர். வினை என்றும் இயல்பு என்றும் சொல்லிப் பிள்ளையார் வாளா இருக்கவில்லை. வினை எம்மைத் தீண்டாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடினார். அந்த நாட்டிலேயே சுரம் நீங்கிற்று என்கிறது பெரியபுராணம். அவர் ஆணையிட்ட திருநீலகண்டமோ, பிறரைச் சுட்ட நஞ்சைத் தானே தாங்கிக்கொண்ட கண்டம். வினைக் கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்காக ஏற்பட்டது. நோயுற்றவர் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வதற்காக ஏற்பட்டதன்று.

'புகையும் நறுமணமும் இன்றிப் பூஜை நிறைவுறுமா?' என்று சிலர் கேட்கலாம். திருக்கடவூரில் குங்கிலியத் தூபம் இடுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட குங்கிலியக்கலய நாயனாரை நாம் வணங்குகிறோம். வீட்டில் பசித்திருந்த பிள்ளைகளுக்கு நெல் வாங்க மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்து அவர் குங்கிலியம் வாங்கினார். அங்கே பெரிதாக நின்றது புகையன்று. தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத அந்த மனம். நாள்தோறும் கண்ட சன்னிதியை விட்டு விலகி, வீட்டு மாடத்தில் ஓர் எண்ணெய் விளக்கை ஏற்றிக் கைகூப்புகிறவர் கொடுப்பதும் சிறிதன்று.

மேலும், அன்றைய குங்கிலியம் மரப்பிசின். இன்றைய ஊதுவத்தி மூங்கில் குச்சியில் கரித்தூளும் பட்டைத்தூளும் தேய்த்து, அதன்மேல் வாசனை ஏற்றியது. அந்த வாசனை பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதைக் கரைக்க டைஎதில் தாலேட் போன்ற திரவங்கள் சேர்கின்றன. கற்பூரமும் முன்பு மரத்திலிருந்து கிடைத்தது. இன்று கடையில் வாங்குவதில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து செய்யப்படுகிறது. ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் ஏறத்தாழ 45 மில்லிகிராம் நுண்துகள் காற்றில் கலக்கிறது என்றும், ஒரு கிராம் சிகரெட்டுக்கு அது 10 மில்லிகிராம் அளவே என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். இதற்காக வழிபாட்டுப் பொருளை யாரும் வெறுக்க வேண்டா. மூடிய அறையில் கட்டுக்கட்டாக ஏற்றுவது நலமுள்ள நுரையீரலுக்கும் நல்லதன்று என்பதை அறிந்துகொண்டால் போதும்.

இனி, குணமாகும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்நோயை ஒரே வீச்சில் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படியானால் எதை நம்புவது? எனக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு வழி காட்டுகிறது.

சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைக் கடந்து திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியபோது சுந்தரர் இரு கண்களும் இழந்தார். அவர் பார்வை இழந்த காரணத்தை நாம் எல்லாரும் சொல்வோம். பார்வை எப்படித் திரும்பிற்று என்பதை அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. திருவெண்பாக்கத்தில் கண் கேட்டு நின்றவருக்கு இறைவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது அந்தப் பழைய கோயில் நீருக்குள் போயிற்று. இடம் மாற்றி எழுப்பிய கோயிலில் இன்றும் சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர். கண் கேட்டால் கோலா என்று சுந்தரர் மனம் நொந்தார். ஆனாலும் நடப்பதை நிறுத்தவில்லை. காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிற்று; இது நம் குற்றாலம் அன்று, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலம். திருவாரூரில்தான் வலக்கண் கிடைத்தது. தம்பிரான் தோழருக்கே நலம் தவணை தவணையாகத்தான் வந்தது. அதிலும் முதல் தவணை வெறும் கோல்.

இந்நோயாளர்க்கு அந்தக் கோல் எது என்பதை அறிய உதவும் ஆய்வு ஒன்று உண்டு. 2003-இல் அமெரிக்காவில் பமீலா கிப்சன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் பணியாற்றியோரும் இந்நோயுள்ள 917 பேரிடம், அவர்கள் செய்துபார்த்த 101 வகைச் சிகிச்சைகளைப் பற்றி வினவினர். மிகுந்த பயன் தந்தவையாக அவர்கள் சொன்ன முதல் மூன்றனுள் இரண்டு, வசிக்கும் இடத்தை இரசாயன வாடையின்றி வைத்துக்கொள்வதும், ஆகாத பொருளை விட்டு விலகியிருப்பதும். மூன்றாவது, பிரார்த்தனை. இது நோயாளிகள் தம் அனுபவத்தைச் சொன்னதேயன்றி மருந்துச் சோதனையின் முடிவன்று. ஆயினும் எண்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற எனக்கு, பிரார்த்தனையும் ஒரு கணக்கில் வரவாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கோலை ஊன்றத் தொடங்கியிருக்கிறோம். என்ன பட்டது, எப்போது பட்டது, எத்தனை நாழிகை வருத்திற்று என்று பேரேடு போல ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். வாசனைச் சோப்புக்கு மாற்றாகப் பயற்றமாவு வந்தது; தரைக்கு வெந்நீர். பூஜை அறையில் நல்லெண்ணெய் விளக்கும் வில்வமும் மட்டும். மருத்துவரை விட்டுவிடவில்லை, ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உடன் இருந்தால் அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு என்பதால் முதலில் அவற்றைப் பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாதது. நோய் தணிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். புதிய பொருள்கள் இன்னும் பட்டியலில் சேர்கின்றன. ஆனால் சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை, குறுக்குத்துறையில் ஆற்றுக்காற்று வீசும் படித்துறையில் அவர் ஒரு மணி நேரம் தலைவலியின்றி அமர்ந்து முருகனை நினைந்திருந்தார். நோட்டில் அந்த நாளுக்கு நேரே அவரே தம் கையால் 'இன்று நலம்' என்று எழுதினார்.

கோல் இறைவன் கொடுப்பது. வேலி இடும் பணியிலோ நமக்கும் பங்கு உண்டு. எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு வயது 78. கோயிலுக்குப் போய்வந்ததும் வீட்டில் குளித்து, பவுடர் பூசாமல், வாடையில்லாத பழஞ்சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, பித்தளைக் கிண்ணத்தில் திருநீறும் வில்வமும் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் அமர்வார். "இன்னிக்கு அம்மைக்குப் பச்சைப் பட்டு, தாயி" என்று அலங்காரத்தை அங்குலம் அங்குலமாக வர்ணிப்பார். மனப்பிரமையா, கர்மாவா என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

அன்பர்கள் அனைவரும் இதனைச் செய்யலாம். கோயிலுக்குப் புறப்படும்போது அத்தரையும் உடலில் அடிக்கும் வாசனைத் தெளிப்பையும் தவிர்க்கலாம். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மருத்துவமனைகளும் பள்ளிகளும் வாசனை பூசாமல் வருமாறு 1990-கள் முதலே மக்களைக் கேட்டுக்கொள்கின்றன. வீட்டில் ஒரு கட்டு ஊதுவத்திக்கு ஒன்று போதும். அதையும் சன்னலைத் திறந்துவைத்து ஏற்றலாம். பல கோயில்களில் கருவறையில் கற்பூரத்துக்கு மாற்றாக நெய்தீபம் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. அதை முகம் சுளிக்காமல் வரவேற்கலாம். கூட்டத்தில் ஒருவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டால் அதைச் சுவாமிக்குச் செய்யும் அவமதிப்பாகக் கொள்ளாமல், சற்று விலகி அவருக்குக் காற்று வர இடம் கொடுக்கலாம். நோயுற்ற அன்பர்களும், கோயிலுக்குள் செல்ல இயலவில்லையே என்று தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டா. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நம் முன்னோர் சொன்னது வெளியே நிற்க நேர்ந்தவர்களையும் எண்ணித்தான்.

ஆனித் தேரோட்டத்தின்போது ரதவீதியில் ஒரு மூலையில், காற்றோட்டமான இடம் பார்த்து நிற்க வேண்டும் என்பது என் மனைவியின் இப்போதைய விருப்பம். இவ்வாண்டு இயலுமோ, அடுத்த ஆண்டுதான் இயலுமோ, அறியேன். அவரைப் போல் வீட்டுக்குள் இருந்தபடியே சன்னிதியை நினைந்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் முதலில் கோலும், பின்பு கண்ணும் அருளுமாறு நெல்லையப்பரையும் காந்திமதி அம்மையையும் வேண்டுவோம்.