வாட்டர்ஸ் இல்லாவிட்டால் பிங்க் ஃபிளாய்ட் இல்லையா?

புரோக்ரெசிவ் ராக் ரசிகர்களிடையே ஒரு தீர்ப்பு மறுப்பின்றி நிலைத்துவிட்டது. 1985இல் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸ் வெளியேறியதோடு பிங்க் ஃபிளாய்ட் குழு முடிந்துவிட்டது, அதற்குப் பின் வந்ததெல்லாம் பெயரை வைத்துப் பணம் பண்ணிய வேலை என்பது அந்தத் தீர்ப்பு. 1994இல் வெளிவந்த 'தி டிவிஷன் பெல்' முப்பது ஆண்டுகளாக இந்தப் பழியைச் சுமக்கிறது. இப்போது பலர் அந்த ஆல்பத்தை மறுபடி கேட்டு மனம் மாறுகிறார்கள். ஆனால் "வாட்டர்ஸ் இல்லாமல் செய்ததற்குப் பரவாயில்லை" என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். இந்தச் சலுகை அந்த ஆல்பத்துக்குத் தேவையில்லை. தீர்ப்பே தவறு.

ஒருவர் போனால் குழுவே போயிற்று என்று வாதிடுபவர்கள் 1968ஐ நினைத்துப் பார்க்கட்டும். குழுவின் முதல் தலைவர், முதல் பாடலாசிரியர், முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் சிட் பேரெட். அந்த ஆண்டு அவர் விலக நேர்ந்தது. அதனால் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பிங்க் ஃபிளாய்டின் ஆல்பம் அல்ல என்று எவரும் சொல்வதில்லை. பேரெட்டின் இடத்தை மற்றவர்கள் நிரப்பியபோது அதை வளர்ச்சி என்றோம். வாட்டர்ஸின் இடத்தை மற்றவர்கள் நிரப்பியபோது மட்டும் அதை மோசடி என்பது என்ன நியாயம்?

மறுபுறம், வாட்டர்ஸ் இருந்த கடைசி ஆல்பத்தைப் பாருங்கள். 1983இன் 'தி ஃபைனல் கட்' உறையிலேயே அது ரோஜர் வாட்டர்ஸின் படைப்பு, பிங்க் ஃபிளாய்ட் வாசித்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் அதில் அறவே இல்லை. 'தி வால்' தயாரிப்பின்போதே வாட்டர்ஸின் வற்புறுத்தலால் அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். நால்வர் குழுவாக இருந்த இசை, ஒருவரின் திட்டமாகச் சுருங்கிய காலம் அது. அதை மூலப் பிரதியாக வைத்து 1994ஐ அளப்பது தலைகீழான அளவுகோல்.

இந்த வழக்கில் ரைட்தான் முக்கியமான சாட்சி. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' அவருடைய இசை. 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் மெட்டு அவர் பியானோவில் பிறந்தது. பிங்க் ஃபிளாய்ட் என்றதும் நம் காதில் விரியும் அந்த அகலமான, மிதக்கும் ஒலியில் பாதி அவருடையது. 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்குப் பின் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இசையமைப்பாளராக அவர் பெயர் இல்லை. 'டிவிஷன் பெல்'லின் பதினொரு தடங்களில் ஐந்தில் அந்தப் பெயர் திரும்பி வருகிறது. 'வேரிங் தி இன்சைட் அவுட்' பாட்டில் 1973க்குப் பிறகு முதல்முறையாக அவர் முன்னின்று பாடுகிறார். 1975க்குப் பின் அந்தப் பாட்டில்தான் டிக் பாரியின் சாக்ஸஃபோனும் இந்தக் குழுவோடு மறுபடி சேர்கிறது. நீண்ட மௌனத்திலிருந்து மெல்ல வெளியே வரும் ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு அது. ஐம்பது வயதில் ரைட் அதைப் பாடும்போது குரலில் தெரியும் தயக்கம் நடிப்பல்ல.

பணத்துக்காகச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அடுத்தது. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் புரவலராக இருந்தது உண்மை. ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்ததும் உண்மை. ஆனால் பணம் மட்டுமே குறி என்றால் சுலபமான வழி ஏற்கெனவே கையில் இருந்தது. 1987இன் 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' பெருமளவு வாடகைக் கலைஞர்களை வைத்து முடிக்கப்பட்டது. அதுவும் நன்றாகவே விற்றது. 1993இல் குழுவில் எஞ்சிய டேவிட் கில்மர், நிக் மேசன், ரைட் மூவரும் அந்த வழியில் போகவில்லை. லண்டனின் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் கூடி, கையில் எதுவும் இல்லாமல் வாசித்து வாசித்து இசைத் துணுக்குகளைச் சேர்த்தார்கள். அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்துத்தான் ஆல்பம் உருவானது. இளமையில் 'எக்கோஸ்' பாட்டு பிறந்ததும் இப்படிப் பொறுமையாகத் துணுக்குகளைச் சேர்த்துத்தான். 1993இன் துணுக்குகளில் மிஞ்சியவற்றிலிருந்து 2014இல் 'தி எண்ட்லஸ் ரிவர்' என்று இன்னோர் ஆல்பமே வந்தது.

அரைத்த மாவையே அரைத்தார்கள் என்பவர்கள் பாட்டுகளின் பொருளைக் கவனிக்கவில்லை. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாமல் போவதுதான் இந்த ஆல்பத்தின் மையம். 'கீப் டாக்கிங்' பாட்டில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் இயந்திரக் குரல் ஒலிப்பது அதனால்தான். ஸ்டார்ம் தார்கர்சனின் உறைப்படத்தில் ஈலி நகருக்கருகே வயலில் இரண்டு உலோகத் தலைகள் எதிரெதிரே நிற்பதும் அதனால்தான். 'போல்ஸ் அபார்ட்' பேரெட்டையும் வாட்டர்ஸையும் நினைத்துப் பேசுகிறது. பழி தீர்க்கும் வெறி அதில் இல்லை. 'எ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்' பெர்லின் சுவர் விழுந்த மகிழ்ச்சிக்குப் பின் வந்த ஏமாற்றத்தைப் பாடுகிறது. 'ஹை ஹோப்ஸ்' கேம்பிரிட்ஜில் கழிந்த இளமையைத் திரும்பிப் பார்த்து, கில்மரின் நீண்ட ஸ்டீல் கிதார் வாசிப்பில் முடிகிறது. இருபத்தைந்து வயதில் இவற்றை எழுத முடியாது. உறவுகளை முறித்து, ஒட்டவைத்து, சிலவற்றை இழந்தவர்களால்தான் எழுத முடியும். இவற்றில் பல வரிகளைக் கில்மரோடு சேர்ந்து எழுதியவர் பாலி சாம்சன். கில்மரின் துணைவி என்பதற்காகவே அவரை எள்ளியவர்கள் அந்த வரிகளை வாசித்தார்களா என்பதே சந்தேகம்.

எல்லாத் தடமும் உயர்ந்தது என்று நான் வாதிடவில்லை. 'டேக் இட் பேக்' அன்றைய வானொலிக்காகச் செய்ததுபோல் மெலிந்து கிடக்கிறது. அறுபத்தாறு நிமிட ஆல்பத்தில் பத்து நிமிடத்தைத் தயங்காமல் வெட்டலாம். ஆனால் 'தி வால்' கூடத் தளர்ந்த இடங்கள் உள்ள ஆல்பம்தான். அங்கே குறையை மன்னிக்கிறோம். இங்கே குறையையே ஆதாரமாக்குகிறோம்.

ராக் இளைஞர்களின் இசை, வயதானவர்கள் ஒதுங்கிவிட வேண்டும் என்ற நம்பிக்கையே இதற்கெல்லாம் வேர். வேறெந்தக் கலையிலும் நாம் இப்படி நினைப்பதில்லை. ஐம்பது வயது எழுத்தாளரிடம் இருபத்தைந்து வயது நாவலை மறுபடி எழுதச் சொல்வதில்லை.

ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1973இன் 'டார்க் சைட்'டையும் 1979இன் 'தி வால்'லையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேளுங்கள். 'டார்க் சைட்' செய்த நால்வரில் மூவர் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேட்டு உருவாக்கிய இசை இது. இதற்குப் பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயர் முழு உரிமையோடு பொருந்தும்.