அந்த எண் எதன் கிளர்வு ஆற்றல்?

அலுமினிய உலோகக் கண்ணாடிகள் சூட்டில் படிகமாவதைப் பற்றி நம் நாட்டில் எழுதப்படும் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரே அத்தியாயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. நாடாவை நான்கைந்து வெப்பமேற்று வேகங்களில் டி.எஸ்.சி. கருவியில் சூடாக்குகிறார்கள்; முகடு நகர்வதைக் குறித்துக்கொள்கிறார்கள்; கிஸ்ஸிஞ்சர் வரைபடத்தின் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல் என்று ஓர் எண்ணை எடுக்கிறார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்துவிட்டால் இயக்கவியல் அத்தியாயம் முடிந்தது. அந்த எண் எதன் கிளர்வு ஆற்றல் என்று வாய்மொழித் தேர்விலும் கேட்கக் காணோம்.

1957இல் கிஸ்ஸிஞ்சர் கருத்தில் கொண்டவை, சூட்டில் சிதைந்து வாயுவை வெளியிடும் திண்மங்கள். நம் நாடாவின் கதை வேறு. அதில் நூறு அணுக்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 92 வரை அலுமினியம். எஞ்சியவை நிக்கல், இரும்பு போன்ற இடைநிலை உலோகங்களும் இட்ரியம், சீரியம், சமாரியம் போன்ற அருமண் தனிமங்களும். சூடாக்கியதும் முதலில் அலுமினியம் மட்டுமே படிகமாகப் பிரிகிறது. அது தன்னுள் ஏற்க இயலாத அருமண் அணுக்களை வெளியே தள்ளுகிறது. உருவில் பெரிய அந்த அணுக்கள் மெல்லவே விரவுபவை. ஆகவே படிகத்தின் விளிம்பிலேயே தேங்கி, அதன் வளர்ச்சியை முடக்கிவிடுகின்றன. அண்டைப் படிகங்களின் தேக்கங்கள் ஒன்றோடொன்று முட்டும்போது வளர்ச்சி ஏறக்குறைய நின்றே போகிறது. படிகங்கள் சில பத்து நானோமீட்டரைத் தாண்டாததும், சில கலவைகளின் இழுவலிமை 1,500 மெகாபாஸ்கலை எட்டுவதும் இதனால்தான். மேலும் சூடாக்கினால் எஞ்சிய பகுதி உலோகிடைச் சேர்மங்களாக மாறி, நாடா நொறுங்கத் தொடங்கும்.

முதல் முகட்டுக்குள் கருவாதல், வளர்ச்சி, விரவல் மூன்றும் கலந்திருக்கின்றன. அவற்றின் பங்கும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. இரண்டு கலவைகளின் வெப்ப நிலைப்பாட்டை ஒப்பிட அந்த எண் உதவும் என்பதை மறுக்கவில்லை. படிகமாதலின் வழிமுறையை அது சொல்லிவிட்டதாக எழுதுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

92 பங்கு அலுமினியமும் 8 பங்கு சமாரியமும் கொண்ட கலவையைப் பற்றிப் பெரபெஸ்கோ குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவூட்ட வேண்டும். சுழலும் சக்கரத்தில் உருகலைப் பீய்ச்சிக் குளிர்வித்த நாடாவைச் சூடாக்கினால் அலுமினிய நானோபடிகங்கள் பிரிந்தன. கண்ணாடி நிலைமாற்றம் தென்படவில்லை. அதே கலவையைக் குளிர்நிலையில் மடித்து மடித்து உருட்டிக் கண்ணாடியாக்கியபோது அந்த நிலைமாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அத்தகைய நானோபடிகப் பிரிவு இல்லை. கலவை ஒன்று, வரலாறு இரண்டு. நாடா சூளையை எட்டுமுன்பே, குளிர்ந்த வேகத்திலேயே படிகக் கருக்கள் அதில் உறைந்துவிட்டிருந்தன என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாறாயின் சக்கரத்தின் வேகத்தையும் நாடாவின் தடிமனையும் குறிப்பிடாத கிளர்வு ஆற்றலை இன்னொருவர் எதனோடு ஒப்பிடுவார்?

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்ற முறையீடு நியாயமானதே. ஆனால் கைவசமுள்ள டி.எஸ்.சி.யிலேயே, முகட்டுக்குச் சற்றுக் கீழான மாறா வெப்பநிலையில் மாதிரியை நிறுத்திப் பார்க்கலாம். வெப்ப உமிழ்வு ஏறி இறங்கினால் புதிய கருக்கள் தோன்றி வளர்கின்றன. தொடக்கம் முதலே சரிந்துகொண்டு போனால், முன்பே இருந்த நுண்படிகங்கள் பருக்கின்றன என்று கருத இடமுண்டு. சென்னும் ஸ்பேப்பனும் 1988இலேயே காட்டிய வேறுபாடு இது. ஒரு பிற்பகல் போதும்.