துஹெத்: கார் நிக்கோபாரின் கூட்டு வீடு



அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு எதிர்வீட்டாரின் பெயர்கூடத் தெரிவதில்லை. படிக்கட்டு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. கதவுகளோ எப்போதும் பூட்டியே இருக்கின்றன. பல குடும்பங்கள் ஓரிடத்தில் வாழ்வதற்கு முற்றிலும் வேறான ஒரு முறை கார் நிக்கோபார் தீவில் இருந்தது. அதன் சரித்திரத்தை இம்மாதம் காண்போம்.

போர்ட் பிளேர் நகருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே, ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு அது. அங்குள்ள பழைய வீடு தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போல் வட்டமாக இருக்கும். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தடித்த தூண்களின்மேல் தளம்; அதன்மேல் புல்லால் வேய்ந்த உயர்ந்த கூரை. சுவரில் வாசல் கிடையாது. தளத்திலுள்ள திறப்பின் வழியாக ஏணியில் ஏறவேண்டும். இரவில் அந்த ஏணியை எடுத்துவிடலாம். எலிகள் ஏறாதபடி தூண்களின் உச்சியில் வட்டத் தட்டுகளைப் பொருத்தினார்கள். வீட்டின் கீழுள்ள நிழலோ வீணாகவில்லை. வேலையும் பேச்சும் அங்கேதான்.

துஹெத் என்பது கட்டடத்தின் பெயரன்று. கூட்டுக் குடும்பத்தின் பெயர். பல தம்பதியரும், அவர்கள் பிள்ளைகளும், முதியோரும் சேர்ந்தது ஒரு துஹெத். தென்னந்தோப்பும் பன்றிகளும் அனைவருக்கும் பொது. யார் எந்தத் தோப்பில் காய் பறிக்கவேண்டும் என்பதைக் குடும்பத் தலைவர் தீர்மானிப்பார். அநாதை என்றும், கைவிடப்பட்ட முதியவர் என்றும் ஒருவர் அங்கே உண்டாவது அரிது.

இத்தீவின் சரித்திரத்தில் தமிழருக்கும் பங்குண்டு. 1890களில் சென்னையிலிருந்து சென்ற வேதப்பன் சாலொமோன் என்னும் உபதேசியார் மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவனே பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் அமைந்த முதல் மக்களவையிலும் அங்கத்தினராயிருந்தவர். புதிய ஏற்பாட்டைத் தம் ஜனங்களின் மொழியில் தந்தவரும் அவரே. ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். ஆயினும் துஹெத் கலையவில்லை. இது கவனிக்கத்தக்கது.

26 டிசம்பர் 2004 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் கடலோரக் கிராமங்களை அழித்தன. (அதற்கு முன்னரே தகரக் கூரை வீடுகள் பெருகி, வட்ட வீடுகள் குறைந்திருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.) பிழைத்தவர்கள் உள்நாட்டுக்குச் சென்று தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். வெயில் நேரத்தில் அவை அடுப்பைப்போல் கொதித்தன. கருவிகளைத் தாருங்கள், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று மூப்பர்கள் கேட்டார்கள். அரசாங்கமோ இரு தீவுக்கூட்டங்களிலுமாக ஏறக்குறைய 9,800 நிரந்தர வீடுகளைத் திட்டமிட்டது. இரும்பும் கூரைத் தகடும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. வீடுகள் முடிவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

வீடு வேண்டாத இடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி, தூண்களின்மேலேயே அவற்றை அமைத்தார்கள். சிக்கல் கணக்கெடுப்பில்தான் இருந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு குடும்பம்; ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. நிவாரணப் பணமும் தனித்தனி வங்கிக் கணக்குகளுக்கே சென்றது. குடும்ப அட்டையில் பெயரைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்கு இதன் விளைவை விளக்கவேண்டியதில்லை. பொதுத்தோப்பு அலைகளில் போயிற்று. புதிய தென்னை காய்க்கவோ பல ஆண்டுகள் ஆகும். பங்கிட ஒன்றும் இல்லாத இடத்தில் பங்கிடுகிற தலைவரின் சொல்லும் தளர்ந்தது. வரிசை வரிசையாக நின்ற வீடுகளில், ஒரே துஹெத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு கதவுகளுக்குள் தனித்தனியே சமைத்தார்கள்.

ஆனாலும் சிலர் அந்த இரும்பு வீடுகளின் அருகே ஓலையாலும் மரத்தாலும் குடிசைகளைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். வேறு சிலர் பழைய கடற்கரைக்கே திரும்பினார்கள்.